எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அந்தப் பிள்ளையின் கணக்கு திறக்க வேண்டும்

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினி ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, முதலமடை, அட்டப்பாடிப் பக்கத்தில் இருப்பவர்களும், மறையூர், காந்தலூர், மூணாறு, வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளிப் பக்கத்தில் இருப்பவர்களும் ஒரே பட்டியலில் வருவது அபூர்வம். இந்த மடலில் உங்கள் எல்லாரையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. நம் ஆய்வகங்களில் ஒரு பிள்ளை கணினி முன் வந்து உட்கார்ந்ததும் நடக்கும் முதல் காரியமான உள்நுழைவை நாம் யாரும் ஒழுங்காக வடிவமைக்கவில்லை. அந்த அமைப்பை ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம், அதற்குப் பெரிதாகப் பணம் வேண்டாம், ஒரு கோடை விடுமுறை போதும் என்பதே நான் சொல்ல வந்தது.

கேரளப் பள்ளிகளுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு சாதாரணமானதல்ல. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் சுமார் 2 லட்சம் கணினிகளுக்குச் சென்றபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று செய்திகள் வந்தன. மிச்சமான பணத்தைப் பற்றி நிறையப் பேசினோம். கணினியின் உள்ளே எந்தக் கோப்பையும் திறந்து பார்க்கவும் திருத்தவும் நமக்குக் கிடைத்த உரிமையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு கணக்கு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு கடவுச்சொல். டெஸ்க்டாப் முழுக்கப் பெயர் புரியாத கோப்புகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இங்க்ஸ்கேப்பில் பாதி வரைந்து வைத்த படத்தை, அடுத்த பாடவேளையில் வந்தவர் இடம் போதவில்லை என்று அழித்துவிடுகிறார். போன வாரம் மூன்றாம் கணினியில் பைத்தான் எழுதிய பிள்ளைக்கு இந்த வாரம் ஏழாம் கணினிதான் கிடைத்தது என்றால், மூன்றாம் கணினியில் இருப்பவரை எழுப்பிவிட்டுப் பென் டிரைவோடு நிற்க வேண்டும்.

நம் எல்லைப் பள்ளிகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கட்டடத்தில் தமிழ்வழி டிவிஷனும் மலையாளவழி டிவிஷனும் இருக்கின்றன, ஆய்வகம் ஒன்றுதான். முந்தைய பாடவேளையில் மலையாளப் பிள்ளைகள் தங்கள் விசைப்பலகையை வைத்துத் தட்டச்சு செய்துவிட்டுப் போகிறார்கள். கணக்கு பொதுவானது என்பதால் அந்த அமைப்பு அப்படியே நிற்கிறது. அடுத்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் அமைப்புகளைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேடி, சேர்த்து, மாற்றி முடிப்பதற்குள் நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு பகுதி போய்விடுகிறது. அவர்கள் மாற்றிவைத்தது அடுத்து வரும் மலையாளப் பிள்ளைகளுக்குத் தொல்லை. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் எரிச்சல்படுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் எந்தப் பிள்ளை மேலும் தவறு இல்லை. கணினிக்கு அவர்களை வேறுபடுத்தி அறிய நாம் வழி செய்யவில்லை.

சில ஆசிரியர்கள் அக்கறையோடு ஒவ்வொரு கணினியிலும் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. யூனிக்ஸ் வழி வந்த எந்த இயங்குதளமும் உள்ளுக்குள் ஆளைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறியும். எட்சி அடைவில் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு கணக்குக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள்: பெயர், கடவுச்சொல்லின் இடத்தில் ஓர் எக்ஸ், பயனர் எண், குழு எண், விவரம், ஹோம் ஃபோல்டர், ஷெல். உண்மையான கடவுச்சொல்லின் குழப்பிய வடிவம் ஷேடோ என்ற வேறு கோப்பில், நிர்வாகி மட்டும் படிக்கும்படி இருக்கும். உபுண்டுவில் பயனர் எண்கள் 1000-இல் தொடங்கி, கணக்கு உண்டாக்கிய வரிசையில் ஏறும்.

இப்போது நான்காம் கணினியில் ஒரு பிள்ளையை நான்காவதாகச் சேர்த்தீர்கள், அவள் எண் 1003. ஒன்பதாம் கணினியில் அதே பிள்ளையை ஏழாவதாகச் சேர்த்தீர்கள், அங்கே அவள் எண் 1006. ஒரு மழைக்காலத்தில் நான்காம் கணினியின் மதர்போர்டு போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒன்பதாம் கணினியில் மாட்டுகிறீர்கள். அவளுடைய கோப்புகள் எல்லாவற்றின் மேலும் 1003 என்ற முத்திரைதான் இருக்கிறது. ஒன்பதாம் கணினியில் 1003 வேறொரு பையன். அவள் உழைப்பு முழுவதும் அவன் பெயரில் தெரிகிறது. அவளுக்கோ திறக்க அனுமதி இல்லை என்ற செய்தி. கணினி சரியாகத்தான் வேலை செய்கிறது. பதினைந்து கணினி உள்ள ஆய்வகத்தில் பதினைந்து விதமாகப் பதிவு வைத்ததன் பலன் இது. பள்ளி அலுவலகத்தில் அட்மிஷன் ரெஜிஸ்டர் ஒன்றுதான் இருக்கிறது. வகுப்பறைக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கு வேறு வேறு எண் கொடுத்தால் டிசி எழுதும்போது என்ன ஆகுமோ அதுதான் ஆய்வகத்தில் ஆகிறது.

இந்தச் சிக்கலை உலகம் நாற்பது வருடங்களுக்கு முன்பே சந்தித்து வழி கண்டுவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1983-இல் அதீனா திட்டத்தைத் தொடங்கியபோது, வளாகத்தில் எந்தக் கணினியில் மாணவர் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் வர வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டார்கள். அங்கே பிறந்ததுதான் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை. அதே பத்தாண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.ஐ.எஸ். என்ற எளிய முறையைக் கொண்டுவந்தது. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து எல்டாப் வந்தது: பெயர், எண், குழு, ஹோம் ஃபோல்டர் எல்லாவற்றையும் ஒரு சர்வரில் மரம் போன்ற அமைப்பில் வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிக்கு விடை சொல்லும் நெறிமுறை. 1995-இல் சன் நிறுவனத்தைச் சேர்ந்த விபின் சமர், ரோலண்ட் ஸ்கீமர்ஸ் இருவரும் பாம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். கடவுச்சொல்லை யார் சரிபார்ப்பது என்பதை நிரலுக்குள் எழுதிவைக்காமல் வெளியே ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்று உங்கள் ஆய்வகக் கணினியின் உள்நுழைவுத் திரை, பிள்ளை கொடுத்த கடவுச்சொல்லைத் தானே சரிபார்ப்பதில்லை, பாமிடம் கொடுக்கிறது. இந்தப் பெயருக்கு எண் என்ன, வீடு எங்கே என்ற கேள்விக்கு எங்கே விடை தேடுவது என்பதை என்.எஸ்.எஸ். கோப்பில் ஒற்றை வரி தீர்மானிக்கிறது. அந்த வரியில் முதலில் இந்தக் கணினியின் கோப்பைப் பார், இல்லையென்றால் சர்வரைக் கேள் என்று எழுதினால் போதும்.

பள்ளிக்கென்றே இதைச் செய்து வைத்தவர்களும் உண்டு. நார்வேயில் 2001-இல் ஸ்கூலெலினுக்ஸ் என்று தொடங்கி இன்று டெபியன் எடு என்று வழங்கும் பதிப்பை நிறுவினால், எல்டாப், கெர்பரோஸ், பிள்ளைகளின் ஹோம் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே முதன்மை சர்வரில் தயாராக வந்துவிடும். பெரிய நிறுவனங்களின் ஆடம்பரம் என்று இதை நினைக்காதீர்கள். பள்ளிகளின் பழைய கணினிகளிலும் ஓடும்படி அவர்கள் இதைச் செய்தார்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி வேறொன்று. ஃப்ரீ பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளத்தில், எட்சி அடைவில் லாகின் கான்ஃப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. பயனர்களை அதில் வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பாருக்கு எவ்வளவு நினைவகம், எந்தப் பாதை, எந்த மொழி என்று ஒரே இடத்தில் எழுதலாம். அந்தக் கோப்பில் நிறுவும்போதே ‘ரஷ்யன்’ என்று ஒரு வகுப்பு எழுதப்பட்டிருக்கும்: எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8, மொழி ரஷ்யன், மற்றவை எல்லாம் பொது வகுப்பில் உள்ளபடி. நாலே வரி. ஒருவரை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டால், அவர் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கணினி அவர் மொழியோடு எழுந்து நிற்கும். ரஷ்யர்கள் யாரோ தங்கள் ஆட்களுக்காக அந்த நாலு வரியை எழுதி உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அந்த நாலு வரியை எழுத வேண்டியவர்கள் நாம்தானே என்று தோன்றும்.

நம்மிடம் இருப்பது லினக்ஸ். அதில் அதே காரியத்துக்கு வழி வேறு, பலன் ஒன்று. சர்வரில் இரண்டு குழுக்கள் உண்டாக்குங்கள், தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று. ஒவ்வொரு கணினியின் எட்சி அடைவிலும் டிகான்ஃப் என்ற அமைப்புக் களஞ்சியம் இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பின் பொது விருப்பங்களை அங்கே எழுதிவைக்கலாம். அதில் தமிழுக்கு ஒரு சுயவிவரமும் மலையாளத்துக்கு ஒரு சுயவிவரமும் எழுதுங்கள். பிறகு ப்ரொஃபைல்-டி அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்: உள்ளே வந்தவர் எந்தக் குழு என்று கேட்டு, அதற்கேற்ற சுயவிவரத்தைச் சூழல் மாறியில் வைக்கும். மொத்தம் பத்து வரிகூட வராது. முந்தைய பாடவேளையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அதன்பின் ஒரு பொருட்டே இல்லை.

தமிழ்ச் சுயவிவரத்தில் எந்த விசைப்பலகையை வைப்பது? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 கட்டாயம் வேண்டும். உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் வரும்படி யோசித்துச் செய்தது அது. அதோடு தமிழ் இன்ஸ்கிரிப்டையும் சேர்த்து வையுங்கள். நம் பிள்ளைகள் மலையாளமும் படிக்கிறார்கள்; இங்கே மலையாளத் தட்டச்சு பெரும்பாலும் இன்ஸ்கிரிப்டில்தான் பழக்கப்படுகிறது. பெரும்பாலான இந்திய மொழிகளுக்கு இன்ஸ்கிரிப்டில் இடம் பொதுவானது; மலையாளத்தின் ‘க’ இருக்கும் விசையில்தான் தமிழின் ‘க’வும் இருக்கும். இரண்டு மொழிக்கும் ஒரே விரல் பழக்கம் போதும் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளைவிட எல்லையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் பயன்படும். ஆனால் இந்த விருப்பங்களைப் பூட்டிவைக்காதீர்கள். பூட்டும் வசதி டிகான்ஃபில் உண்டு, பயன்படுத்த வேண்டாம். மெனு எந்த மொழியில் வர வேண்டும் என்பதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தமிழ் தயாராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குகளை எப்படி உண்டாக்குவது என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பின்னால் திருத்த முடியாத இடம் இது. பயனர் பெயருக்கு அட்மிஷன் எண்ணை வையுங்கள். அது பள்ளிக்குள் ஒருவருக்குத்தான் இருக்கும், ஒருவர் போன பின் இன்னொருவருக்கு வராது. வெறும் எண்ணைப் பெயராக வைப்பது லினக்ஸில் சிக்கல் தரும், முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயனர் எண்ணுக்கு அட்மிஷன் எண்ணோடு 10,000-ஐக் கூட்டுங்கள். கணினிகளில் ஏற்கெனவே இருக்கும் 1000 வரிசைக் கணக்குகளோடு மோதாது. கூட்டுத்தொகை 60,000-க்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசி வாங்கிப் போன பிள்ளையின் கணக்கை முடக்குங்கள், எண்ணை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

பெயரைத் தமிழில் எழுதுங்கள். உள்நுழையும் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருந்தாக வேண்டும், ஆனால் முழுப்பெயருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்டாப்பில் ஜீகாஸ் என்ற பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டு, பொதுப்பெயர் என்ற பகுதியில் எழுதினால் தமிழ் எழுத்து அப்படியே நிற்கும். தாத்தா காலத்திலிருந்து தேயிலைத் தோட்டப் பதிவுகளிலும் ரேஷன் அட்டையிலும் மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரு பெயர், பூட்டுத்திரையில் சரியான தமிழில் வருவதைப் பிள்ளை பார்க்கட்டும். சரியான எழுத்துக்கூட்டலைப் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள்.

வேறு எதையும் எல்டாப்பில் ஏற்ற வேண்டாம். மாணவர் விவரங்களைப் பதியும் சம்பூர்ணா மென்பொருளில் பிள்ளையைப் பற்றிய விவரம் எல்லாம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பட்டியலை அப்படியே இறக்கிவிடத் தோன்றும். சாதி, ஆதார், பெற்றோர் தொலைபேசி இவற்றுக்கும் கணினியில் நுழைவதற்கும் சம்பந்தமில்லை. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து அவர்கள் தரவுக்குத் தனிக் கவனம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். என்.ஐ.எஸ். அமைப்பது எளிது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஆய்வகத்தில் இருக்கும் யாரும் ஒரு கட்டளையால் எல்லாருடைய கடவுச்சொல் குறியீட்டையும் இறக்கிவிடலாம். கணினிக்கும் சர்வருக்கும் இடையே பேசும் எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற சேவை வழியாக எல்டாப்பைப் பயன்படுத்தினால், மறையாக்கம் இல்லாத இணைப்பில் அது கடவுச்சொல்லைச் சரிபார்க்கவே மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் நமக்கு நல்லது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் விழுந்தால் எல்லாம் விழுமே என்று கேட்பீர்கள். நியாயமான பயம். மூணாற்றின் ஆடி மழையும் பீர்மேட்டின் ஐப்பசி இடியும் தெரிந்தவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எஸ்.எஸ்.எஸ்.டி.யில் சான்றுகளைச் சேமித்துவைக்கும் ஒரு வரி இருக்கிறது. அதை இயக்கினால், ஒரு கணினியில் முன்பு ஒருமுறை நுழைந்த பிள்ளை, சர்வர் இல்லாத நாளிலும் அதில் நுழையலாம். ஒவ்வொரு கணினியிலும் சர்வரைச் சாராத நிர்வாகக் கணக்கு ஒன்றை விட்டுவையுங்கள். சர்வருக்கு யு.பி.எஸ். கட்டாயம். பிள்ளைகளின் கோப்புகள் தினமும் மாலையில் இன்னொரு பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குத் தானாகப் பிரதியாகட்டும்.

இதே காரணத்தால்தான், மாவட்டத்துக்கு ஒரு சர்வர், மாநிலத்துக்கு ஒரு சர்வர் என்ற யோசனைகளை நான் ஏற்கவில்லை. கேரள அரசின் இணைய வலையமைப்பான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கப்பட்டது உண்மை. ஆனாலும் உள்நுழைவு இணையத்தை நம்பி இருக்கக் கூடாது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாலை வழியே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் சேத்துமடைக்குள் நுழைந்து டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கேபிள் அறுந்தால் ஆள் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பள்ளிக்குள் ஒரு சர்வர், பள்ளிக்குள் அதைப் பார்த்துக்கொள்ளும் கை. அந்த அளவு மையப்படுத்தல் போதும்.

ஹோம் ஃபோல்டர் முழுவதையும் சர்வரில் வைப்பதா என்பதில் என் கருத்து பலரிடமிருந்து வேறுபடும். வைக்க வேண்டாம் என்பேன். நம் ஆய்வகங்களின் ஸ்விட்சுகள் வேகம் குறைந்தவை. ஃபயர்ஃபாக்ஸ் தன் தற்காலிகக் கோப்புகளை எல்லாம் வலை வழியே எழுதத் தொடங்கினால் ஆய்வகமே திணறும். ஒரு பிள்ளை வெளியேறாமல் இடம் மாறி உட்கார்ந்தால், ஏற்கெனவே இயங்குகிறது என்று சொல்லி ஃபயர்ஃபாக்ஸ் திறக்காது. பிள்ளை செய்த வேலைக்கென்று ஒரு ஃபோல்டரை மட்டும் சர்வரிலிருந்து இணையுங்கள். மொழி அமைப்புகள் கணினியின் எட்சி அடைவிலிருந்தே வந்துவிடுவதால், ஹோம் ஃபோல்டர் அவற்றைச் சுமந்து திரிய வேண்டிய தேவை இல்லை.

சர்வர் வைக்க இப்போதைக்கு வழியில்லை என்பவர்கள் காத்திருக்க வேண்டாம். புதுக் கணக்குகளுக்கான முன்மாதிரிக் கோப்புகள் இருக்கும் ஸ்கெல் அடைவு, டிகான்ஃப், ப்ரொஃபைல்-டி இந்த மூன்று இடத்துக் கோப்புகளையும் ஒரு கணினியில் சரியாக எழுதி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் மற்றப் பதினான்குக்கும் அனுப்புங்கள். குழுவுக்கு ஒன்றாக இரண்டே பொதுக் கணக்குகள், தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று, எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணில். விசைப்பலகைச் சண்டை அன்றைக்கே தீரும். தனிக் கணக்கு அடுத்த வருடம் வரட்டும்.

இதை நீங்கள் ஒருவராகச் செய்ய வேண்டியதில்லை. லிட்டில் கைட்ஸ் ஐடி மன்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2018 முதல் அவர்கள் நம் பள்ளிகளில் அசைபடமும் ரோபோவும் செய்கிறார்கள். ஒரு கணக்கு எப்படித் திறக்கிறது என்பதை உள்ளே போய்ப் பார்ப்பது அவற்றைவிடக் குறைந்த பாடம் அல்ல. கடவுச்சொல் பொறுப்பு மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். ஒரு பள்ளியில் எழுதிய தமிழ்ச் சுயவிவரக் கோப்பு மறையூரிலும் ஓடும், கொழிஞ்சாம்பாறையிலும் ஓடும். எழுதியவர் மற்றவருக்கு அனுப்பிவிட்டால் போதும்.

ஒன்று மட்டும் முன்கூட்டிச் செய்யுங்கள். மலையாளக் குழுவின் சுயவிவரத்தை நாம் எழுத வேண்டாம். ஏப்ரலில் வேலை தொடங்கும் முன்பே அந்த டிவிஷன் டீச்சர்களையும் சார்களையும் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு கோப்பும் சேர்ந்து தயாரான பிறகு சர்வரை இயக்குங்கள். ஜூன் முதல் தேதி இரு டிவிஷன் பிள்ளைகளும் ஒரே நாளில் தங்கள் கணக்கைப் பெறட்டும்.

அன்புடன்,
எல்லையோரப் பள்ளி ஆய்வகங்களில் உங்களோடு வேலை செய்யும் ஒருவர்